மெசின் இருமாது

“அடுத்த டூருக்கு நான் போறேன், மொதலாளி.”

சம்பளம் கேள், லீவு கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே வினோத் சொல்லியிருந்தான். அவன் முதலாளி வைகுண்டராஜின் மகன். ராஜபாளையத்து மில்காரக் குடும்பங்களை ஐரோப்பாவுக்குக் கூட்டிப்போவது அவர்கள் தொழில். பிராக் நகரத்தில் குடையைத் தூக்கிப் பிடித்து முன்னால் நடப்பது வினோத். அவன் சட்டைப்பையில் இருக்கும் போன் கேமரா காட்டுவதைப் பார்த்து, இங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடி அறையில் உட்கார்ந்து பேசுவது மாரீஸ்வரி. கூட்டத்தின் காதுகளில் கேட்பது அவள் குரல். அதை மெசின் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அதனால் அவள் இருமக் கூடாது. யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வரலாறு படித்தவள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பார்க்காத ஊரின் சந்துபொந்தெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

வைகுண்டராஜ் சிரித்தார். “போயி?”

“பேசுறது நாந்தான? அங்க நின்னு பேசுறேன்.”

“பேசுவ, சரி. சாப்பாட்டுக்கு எங்க உக்காருவ? சமையலுக்கே ஆளு என்ன ஏதுன்னு பாத்துல்ல கூட்டிட்டுப் போறோம். நான் அதெல்லாம் பாக்கமாட்டேம்மா. அவிய பாப்பாக.”

பெரிய மனசோடுதான் சொன்னார்.

போன் அடித்தது. அங்கே காலை வெயில், கூட்டம் கிளம்பிவிட்டது. ஹெட்செட்டை மாட்டினாள். பாலம், கடிகாரக் கோபுரம் எல்லாம் தாண்டி யூதர்களின் பழைய இடுகாடு வந்தது. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் கற்கள்.

“இவர்களுக்கு வேறு எங்கும் புதைக்க இடம் தரவில்லை. அதனால் மண்ணைக் கொட்டி, பிணத்துக்கு மேல் பிணமாகப் புதைத்தார்கள்.”

கூட்டத்திலிருந்த ஜின்னிங் மில் அம்மாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “ஐயோ பாவம்! செத்த பொணத்துக்குமா எடம் குடுக்க மாட்டாக? மனுசங்களா இவங்கெல்லாம்?”

போன ஐப்பசியில் மாரீஸ்வரியின் அப்பாவைத் தெரு வழியே தூக்கிப்போக விடவில்லை. வயல் வரப்பில் கொண்டுபோனார்கள். முன்னால் தூக்கியவருக்குக் கால் வழுக்கியது. அப்பா சேற்றில் விழுந்தார்.

மாரீஸ்வரி இருமினாள். தொண்டையைச் செருமி, நன்றாக இருமினாள்.

“யாத்தே, மெசின் இருமுது!”

“மெசின் இல்லம்மா. மாரீஸ்வரி. ராஜபாளையத்துலருந்து பேசுறேன். எங்க அப்பா பொணத்துக்கு ஒங்க ஆளுக தெருவுல வழி விடல. சேத்துல போட்டு எடுத்தோம். அதுக்கும் செத்த நேரம் அழுங்க.”

அந்த அம்மாள், அழுகை காய்ந்த குரலில் கேட்டாள்: “நீ யாரு வீட்டுப் புள்ள?”

வைகுண்டராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மாரீஸ்வரி ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மத்தியானச் சோற்றுத் தூக்கைக் காலையிலேயே வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

படி இறங்கும்போது ஹெட்செட்டுக்குள்ளிருந்து வினோத்தின் குரல் கொசுவைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஏட்டி... ஏட்டி, இப்ப ரைட்டா, லெப்டா?”