சூடானால் நிற்கும் கார்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை என் கோணல் கையிலிருந்து பிறந்தது. டார்ச் பிடிக்கச் சொன்னார்கள். நான் இன்ஜினைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வெளிச்சம் எங்கேயோ போனது. “எழுத்தாளரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க சாமி” என்று டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டார் மெக்கானிக் ஸ்தானிமிர். ஒதுங்கி நின்றவனுக்கு வேறென்ன வேலை?

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

‘பீரோத் நகரின் மீது மூடுபனி மெல்ல…’

பனியாவது ஒன்றாவது. ஜூலை மாதம், பகல் பன்னிரண்டு மணி, ஷெட்டின் தகரக் கூரை கொதிக்கிறது.

‘ஒவ்வோர் இயந்திரத்துக்குள்ளும் ஓர் இதயம்…’

இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வெலிஸாரின் கார் சூடானால் நின்றுவிடும். வயது இருபத்தெட்டு; காருக்குச் சொல்கிறேன், வெலிஸாருக்கு அறுபத்து நான்கு. குளிர்ந்திருக்கும்போது ஒரே திருப்பில் கிளம்பும். மேட்டில் ஏறி, சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டினால் சட்டென்று அணைந்துபோகும். இன்ஜினின் பின்பக்கம் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தால் மறுபடி ஓடும்.

சனிக்கிழமை வெலிஸாரின் மகனுக்குக் கல்யாணம். மலைமேல் இருக்கும் பெண் வீட்டுக்குப் போய், மருமகளைத் தன் காரில், தானே ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. போகிற வழி ஆற்றோரமாக மெதுவாக ஏறுவது, கார் தாங்கும். ஆனால் பெண்ணை அழைத்துக்கொண்டு போன வழியே திரும்பக் கூடாது, எங்கள் பக்கத்து வழக்கம் அது. இன்னொரு வழியோ கணவாய் மேல் போகிறது. ஒன்பது கொண்டை ஊசி வளைவு. ஊர்வலத்தை நிறுத்தி, மணப்பெண்ணை உட்கார வைத்துவிட்டு, இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றுவதா?

அவருடைய மச்சான் மிலுன் தன் புது ஜீப்பைத் தருவதாகச் சொல்லியிருந்தான். “நீங்க பின் சீட்டுல சாஞ்சு உக்காருங்க மாமா, நான் பாத்துக்கறேன்” என்றானாம். அன்றிலிருந்து வெலிஸாருக்குச் சோறு இறங்கவில்லை.

2

கெட்டுப்போனது ஒரு சென்சார். விரல் அளவு கறுப்பு பிளாஸ்டிக். இன்ஜின் சுற்றுகிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. சூடேறினால் வாயை மூடிக்கொள்கிறது. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் முடிந்தது. ஆனால் அது இருப்பது இன்ஜினின் முதுகில், குழாய்களுக்கும் தடுப்புத் தகரத்துக்கும் நடுவே. கண்ணுக்குத் தெரியாது. கை மட்டும் தனியாகப் போக வேண்டும். ஸ்தானிமிரின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது.

திறந்து கிடக்கும் பானெட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்து போகிற ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. கறிக்கடைக்காரர் வந்தார். தபால்காரர் வந்தார். ஆளுக்கொரு கையை விட்டுப் பார்த்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.*

* நானும் விட்டேன். முழங்கை சிக்கிக்கொண்டது, சோப்பு போட்டு எடுத்தார்கள். அந்தப் பத்தியை வெட்டிவிட்டேன். நான் நாயகன் இல்லை.

டார்ச்சில் பேட்டரி தீர்ந்தது. வெலிஸார் தன் போன் வெளிச்சத்தை நீட்டினார்.

“மேல தூக்கிப் பிடிங்கண்ணே.”

“தூக்கித்தான்டா பிடிச்சிருக்கேன்.”

“உங்க மூஞ்சிக்குத்தான் வெளிச்சம் அடிக்குது. அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்குப் போல்ட் தெரியணுமே!”

வெலிஸார் கையை இன்னும் உள்ளே நீட்டினார். போன் நழுவி இன்ஜினுக்குள் விழுந்தது. எல்லோரும் குனிந்து எட்டிப் பார்க்கையில் உள்ளே அது மணியடிக்க ஆரம்பித்தது.

“போன் வருதுண்ணே, எடுங்க.”

“நீ எடுடா! உன் கைதான உள்ள இருக்கு!”

அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. ஐந்து நிமிடத்தில் ஷெட் வாசலில் வெள்ளைக் கோட்டோடு ஒரு பெண் வந்து நின்றாள், காதில் போனோடு.

“மாமா, விருந்தாளிங்க சட்டைல குத்த எத்தனை ரோஸ்மேரி கொத்து வேணும்னு கேக்கத்தான்… ஏன் உங்க கார் அடிக்குது?”

மருமகளாக வரப்போகிற தேசாங்கா. பிறந்த வீடு மலைமேல் என்றாலும் அடுத்த தெருவில் பல் மருத்துவர்.

3

[இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கை போகாத சந்து, சரியான நேரத்தில் ஒரு பல் மருத்துவர். வாசகர் நம்புவாரா? ‘எழுதினவன் வசதிக்குக் கொண்டுவந்துவிட்டான்’ என்று காறித் துப்ப மாட்டாரா? இரண்டாவது வரைவில் அவளைத் தையற்காரியாக மாற்றிப் பார்த்தேன். கோட்டுப் பையில் குட்டிக் கண்ணாடி எப்படி வந்தது என்று சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டேன். நடந்தது நடந்தபடியே இருக்கட்டும்.]

தேசாங்கா கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டாள். அதன் பையிலிருந்து எடுத்த, பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை இடது கையால் உள்ளே நுழைத்தாள், வலது கையை அதன் பின்னாலேயே அனுப்பினாள். போன் வெளியே வந்தது. பிறகு சின்ன ஸ்பேனரைக் கேட்டாள்.

“டாக்டரம்மா, நகம் போயிரும்” என்றார் ஸ்தானிமிர். “சனிக்கிழமை கல்யாணம்.”

“அஞ்சு பேர் ஒரு மணி நேரமா நின்னுக்கிட்டு என் நகத்தப் பத்திக் கவலைப்படுறீங்களே, வெக்கமா இல்ல?”

அரைத் திருப்பு, எடு, மறுபடி அரைத் திருப்பு. நடுவில் இன்ஜினிடம், “கொஞ்சம் பொறுத்துக்க, வலிக்காது” என்றாள். பழைய சென்சார் வந்தது. புதியது போனது. போல்ட் ஒரு தரம் கீழே விழுந்து, எல்லோரும் தரையில் தவழ்ந்து தேடினோம். (நீளமான காட்சி. கறிக்கடைக்காரர் காருக்கடியில் மாட்டிக்கொண்டார். இன்னொரு கதைக்கு வைத்துக்கொள்கிறேன்.)

சாவியைத் திருப்பினார்கள். ஓடியது! வெலிஸார் மருமகளின் கரி படிந்த கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

4

வேலை முடிந்தால் ஒரு குவளை ராக்கியா குடிக்காமல் கலைவது மரியாதை இல்லை. பிளம் பழச் சாராயம், தொண்டையில் தீயாக இறங்கும். ஒன்று குடித்தால் ஒரு காலுக்குத்தான் ஆயிற்று, நொண்டுவான் என்று இன்னொரு காலுக்கு ஊற்றுவார்கள். தபால்காரர் மூன்றாவது காலும் வைத்திருந்தார்.

பாட்டில் முக்கால்வாசி இறங்கிய பிறகு ஸ்தானிமிர் குவளையைக் கீழே வைத்தார்.

“அண்ணே… இந்தக் கார் குளிர்ல எப்பவுமே கிளம்பும்ல?”

எல்லோர் தலையும் காரின் பக்கம் திரும்பியது. குணமானதா என்று தெரிய வேண்டுமானால் சூடேற்ற வேண்டும். சூடேற்ற, கணவாய் ஏற வேண்டும். ஏற ஓட்டுநர் வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் கூட்டிப் பார்த்தால் பத்துக் காலுக்கு மேல் குடித்திருந்தோம்.

தேசாங்கா பிற்பகல் நோயாளிகளுக்காக ஒரு சொட்டும் தொடவில்லை. கிளினிக்குக்குப் போன் போட்டு நேரத்தைத் தள்ளிவைத்துவிட்டு, “ஏறுங்க மாமா” என்றாள்.

5

நான் பின் சீட்டில், அவள் கோட்டோடு. முன்னால் வெலிஸார், மடியில் தண்ணீர் பாட்டில், குழந்தையைப் பிடிப்பதுபோல்.

ஐந்தாவது வளைவு. முள் பாதியைத் தொட்டது.

“மெதுவாம்மா.”

“மெதுவாப் போனா அது எப்ப சூடாகும்?”

ஏழாவது வளைவில்தான் எப்போதும் நிற்கும். வெலிஸார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கார் எட்டாவதில் ஏறியது. ஒன்பதாவதையும் தாண்டியது. உச்சியில் அவர் குறுக்கே சாய்ந்து ஹாரனை அழுத்தினார், கல்யாண ஊர்வலத்தில் அழுத்துகிற மாதிரியே, விடாமல். எதிரே வந்த லாரிக்காரன் பதிலுக்கு அடித்தான். காரைத் திருப்பிக்கொண்டு இறங்குகிற வழியெல்லாம் சன்னல்கள் திறந்தன, யாரோ கை தட்டினார்கள். வெலிஸார் மருமகளைக் காட்டிக்காட்டி ஊரையே கும்பிட்டுக்கொண்டு வந்தார்.

அதே ஜோரில் கார் அவர் வீட்டு வாசலில்தான் போய் நின்றது. ஹாரன் கேட்டு அவர் மனைவி ருமேங்கா ஓடிவந்தாள். கையில் சல்லடை நிறையக் கோதுமை. வீட்டுக்கு வரும் மருமகள் வழக்கப்படி கூரைமேல் எறிய, சனிக்கிழமைக்காகச் சலித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா இது, ரெண்டு நாள் முன்னாடியே வந்து நிக்கிற?”

தேசாங்கா இன்ஜினை அணைத்தாள்.

“ஐயோ, ஏன் அணைச்ச? நல்லாத்தான ஓடிச்சு!” என்று அலறினார் வெலிஸார்.

“சனிக்கிழமை சர்ச் வாசல்ல அணைச்சுத்தான ஆகணும் மாமா? சூட்டுல மறுபடி கிளம்புதான்னு பாக்க வேணாமா?”

“கிளம்பலேன்னா?” என்றாள் ருமேங்கா.

“கிளம்பலேன்னா எறங்கி உள்ள வந்துர்றேன் அத்தை. நோயாளிங்க காத்திருக்கட்டும்.”

வெலிஸார் சல்லடையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு காரே குலுங்கும்படி சிரித்தார்.

“கிளம்புச்சுன்னா சனிக்கிழமை என் கார்ல வர்றா. கிளம்பலேன்னா இப்பவே என் கார்ல வந்துட்டா! அடியே, உன் தம்பி மிலுனுக்குப் போன் போடு. ஜீப்ப வித்துரச் சொல்லு!”

6

முடிவு இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கார் கிளம்புகிறது. ருமேங்கா கோதுமையை உள்ளே கொண்டுபோகிறாள். மற்றதில் கிளம்பவில்லை, மருமகள் கரிக்கையாலேயே ஒரு பிடி கோதுமை அள்ளிக் கூரைமேல் எறிகிறாள், தெருவே வேடிக்கை பார்க்கிறது.

பின் சீட்டில் இருந்தவனுக்கு எது நடந்தது என்று தெரியாதா? தெரியும். இரண்டிலும் வெலிஸார் ஒரே மாதிரி சிரிப்பதால் ஒன்றை எடுத்து மற்றதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

முள் இன்னும் மேலேதான் நிற்கிறது. தேசாங்கா சாவியில் கை வைத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள். சொல்லுங்கள்.