அமலா நகரின் இடுப்பு

ஐப்பசி இரண்டாம் தேதி காலை பதினொன்றே முக்காலுக்கு அமலா நகரின் அறுபத்து மூன்று மனைக்காரர்களுக்கும் இடுப்பு வலி ஆரம்பிக்கும். கார்த்திகை பிறக்கும்வரை யாராலும் நிமிர முடியாது. ரிட்டயர்டு தலைமையாசிரியர், எல்ஐசி ஏஜெண்டு, மின்வாரிய என்ஜினீயர் என்று பாகுபாடு கிடையாது. மனையின் அளவுக்குத் தக்க வலி. இரண்டாயிரத்து நானூறு சதுர அடிக்காரர் ஆயிரத்து இருநூறு சதுர அடிக்காரரைப் போல இரண்டு பங்கு முனகுவார். வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. பத்திரம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும், அவர் நியூஜெர்சியில் இருந்தாலும். அங்கிருந்து போன் போட்டு, நம்ம பக்கம் மழை ஆரம்பிச்சிருச்சா என்று கேட்பார்கள். தஞ்சாவூரில் எடுத்த ஸ்கேனிலும் திருச்சியில் எடுத்த ஸ்கேனிலும் எலும்பு நன்றாக இருந்தது. முக்கு மெடிக்கலில் அந்த மாதம் மட்டும் பதினாலு டஜன் இடுப்பு பெல்ட் விற்கும், ஒன்று முன்னூற்று நாற்பது ரூபாய். பெல்ட்டால் பிரயோஜனம் இல்லை. குனிந்து, இடது கையில் எதையோ பிடித்திருப்பதுபோல வைத்துக்கொண்டு, வலது கையால் தரையைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் எட்டு வைத்து நடந்தால்தான் கொஞ்சம் தணியும். அதனால் அந்த மாதம் காலையில் நகரின் நாலு தெருவிலும் ஆளாளுக்குப் பின்பக்கமாக நடந்துகொண்டிருப்பார்கள். பள்ளிக்கூட வேன்காரர்கள் ஹாரன் அடித்தபடி மெதுவாகப் போவார்கள்.

திருவையாறு சாலையில் இருக்கிற அந்த நாலரை ஏக்கரும் முன்பு வயல். மிராசுதாரின் மூன்று பிள்ளைகளும் அமெரிக்கா போய்விட்டார்கள். அங்கே நட்டது பதினோரு பெண்கள், அவர்களுக்குத் தலை அமலோற்பவம். பதினாலு வயதில் சேற்றில் இறங்கி முப்பத்தொரு வருஷம் அதே வயலில் நட்டவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது தம்பி ஆல்பினுக்கு நடை பழகவில்லை. வரப்பு ஓரம் தூளி கட்டிப் போட்டு வளர்த்தாள். கல்யாணம் கேட்டு வந்தவர்களிடம் அவனையும் சேர்த்து வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள், வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எண்பத்தொன்பதில் அவன் கட்டட வேலைக்கு சிங்கப்பூர் போக, காதில் கிடந்ததைக் கழற்றி ஏஜெண்டிடம் கொடுத்தாள். வேப்பங்குச்சி செருகிய காதோடு அவனை வழியனுப்பினாள். ஆறு வருஷம் கழித்து வந்த ஆல்பின், ஊரில் எல்லாரும் வீடு கட்டுவதைப் பார்த்துவிட்டு, வீடு கட்டுகிறவனைவிட மனை விற்கிறவன்தான் பிழைக்கிறான் என்று கண்டுபிடித்தான். தண்ணீர் வராத வருஷம் பார்த்து மிராசுதாரிடம் பேசி அந்த வயலை வாங்கினான்.

பத்திரம் எழுதியது இருதயசாமி. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர், சுருக்கமாக எழுதத் தெரியாது. நிலத்தோடு மாவடை, மரவடை, வரப்பு, வாய்க்கால், நிதி நிட்சேபம், இன்னும் சொல்லியும் சொல்லாமலும் உள்ள சகல பாத்தியங்களும் வாங்குகிறவரைச் சேரும் என்று ஒரு பக்கத்துக்கு இழுத்துவிட்டார். தொண்ணூற்றாறு ஐப்பசி இரண்டாம் தேதி, பதினொன்றே முக்காலுக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் முத்திரை விழுந்தது. பெருவிரல் மையைத் துடைக்கக் குனிந்த ஆல்பினால் நிமிர முடியவில்லை. அதே நேரம் மூன்று மைல் தள்ளி யாருடைய வயலிலோ நட்டுக்கொண்டிருந்த பதினோரு பெண்களும் சடக்கென்று நிமிர்ந்தார்கள். அமலோற்பவம் நிமிர்ந்த வேகத்தில் சேற்றில் மல்லாந்து விழுந்தாள், அத்தனை வருஷம் கழித்து நேராக நிற்பதற்குக் கால் பழகியிருக்கவில்லை. மாதாவின் புதுமை என்றாள் அருள்ஜோதி, அமலோற்பவத்துக்குப் பக்கத்து வரிசையில் எப்போதும் நடுகிறவள். பதினோரு பேரும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் ஆளுக்கொரு இடுப்பு உருவத் தகடு வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுடைய வலியும் பத்திரத்தில் சேர்ந்து போய்விட்டது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆல்பினுக்கு மட்டும் இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, சின்ன வயதில் அக்கா எந்த இடத்தில் தைலம் தேய்க்கச் சொல்வாளோ அதே இடத்தில் வலித்ததால்.

தீபாவளிக்கு விற்பனை என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. மழை முந்திக்கொண்டது. மனைக்கல் ஏற்றி வந்த டிராக்டர் அச்சு வரை புதைந்தது, கொத்தனார்கள் முட்டியளவு சேற்றைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். ஆல்பின் ஒரு கம்பை ஊன்றிக் குனிந்தபடி அக்காவிடம் வந்தான். "உன் நடவுக் கொத்தைக் கூட்டிக்கிட்டு வாக்கா. கல்லு நடணும். அவங்களுக்கெல்லாம் கூலி. உனக்கு மனை. அறுபத்து மூணாம் நம்பர். மாதா சாட்சியா சொல்றேன்." பத்துப் பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அருள்ஜோதி, "மெத்தை வீடு கட்டுனா என்னைய வாசல்லயாவது உக்கார விடுவியா?" என்று அமலோற்பவத்தைக் கேட்டாள். "கால் கழுவிட்டு வந்தா உள்ளயே உக்காரு" என்றாள் அவள். வாய்க்கால் கரையில் இருந்த அவளுடைய குடிசை நகருக்குப் போடப்போகிற இருபதடி ரோட்டுக்குள் வந்ததால் அதைப் பிரித்தாக வேண்டியிருந்தது. ஒரு வருஷத்துக்குத்தானே என்று அவளே ஓலையை இறக்கி, தார்ச்சாலைக்கு எதிர்ப்பக்கம் புறம்போக்கில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டாள்.

நம்பர் எழுதிய கற்களை வரிசையாகக் கொடுத்து, ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள் என்று மட்டும் ஆல்பின் சொன்னான். ரோட்டோரம் ஒன்று, வாய்க்காலோரம் அறுபத்து மூன்று என்பது அவன் கணக்கு. நடுகிற பெண்கள் நட்ட இடத்தை மிதிக்க மாட்டார்கள். தூரக் கரையில் தொடங்கி, பின்னால் எட்டு வைத்து, வீட்டுக்குப் போகிற கரையில் வந்து ஏறுவார்கள். கல்லையும் அப்படியே நட்டார்கள். ஒன்றாம் நம்பர் வாய்க்கால் ஓரம் போனது, அறுபத்து மூன்று தார்ச்சாலை முனையில் வந்து நின்றது. தை மாதம் தண்ணீர் வடிந்ததும் படம் போடுகிறவர் வந்து கல் இருந்தபடியே வரைபடம் போட்டார். அதை அச்சடித்துக் கொடுத்து இருபது மனைக்கு முன்பணம் வாங்கிய பிறகுதான் ஆல்பின் கவனித்தான். அவன் அக்காவுக்குக் கொடுக்க நினைத்தது பாம்பு குடியிருக்கிற கடைசி மனை. சொன்ன நம்பரில் இருந்தது மொத்தத்திலும் பெரிய முனை மனை, ஏழு சென்ட்.

அதற்குப் பிறகு பட்டா மாறட்டும் என்றான், அப்ரூவல் வரட்டும் என்றான், எலெக்‌ஷன் முடியட்டும் என்றான். மனை விற்க விற்க, ஐப்பசிக்கு ஐப்பசி அவன் இடுப்பு ஒரு விரல் நிமிர்ந்தது. வாய்க்கால் ஓர ஒன்றாம் நம்பரைக்கூட ஒரு கண்டக்டருக்கு விற்றுவிட்டான். நுழைவாயிலில் ஆர்ச் கட்டி, அமலா நகர் என்று பெயர் எழுதி, திறப்பு விழாவுக்கு அக்காவைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்டச் சொன்னான். அவள் வெட்டினாள். நட்ட பெண்களில் நாலு பேர் திருப்பூர் போனார்கள், மற்றவர்கள் நகரில் வீட்டுவேலைக்குப் போனார்கள், அருள்ஜோதி ஆல்பின் புதிதாகப் போட்ட செங்கல் காளவாயில் மேஸ்திரி ஆனாள். எட்டு வருஷத்தில் அறுபத்திரண்டு மனையும் போய்விட்டன. புறவழிச்சாலை அந்த முனையில்தான் வந்து சேரும் என்று செய்தி வந்த மாதம், ஆல்பின் அறுபத்து மூன்றையும் விற்றான். அடுத்த ஐப்பசி இரண்டாம் தேதி அவன் முழுசாக நிமிர்ந்து நின்று, அதே ஆபீஸ் வாசலில் இளநீர் வாங்கி அண்ணாந்து குடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

அமலோற்பவம் பங்குச் சாமியாரிடம் போனாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். திருப்பூரிலிருந்துகூட நாலு பேரையும் வரவழைத்திருந்தார்கள், பஸ் காசு ஆல்பின் கொடுத்தது. ஆல்பின் காரில் வந்து இறங்கினான். மாதத்துக்குப் பத்து நாள் அவன் கார் நிற்கிற இடத்தில்தான் சாமியாருடைய ஜெனரேட்டரும் இருந்தது, அது அவன் வாங்கிக் கொடுத்தது. அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஊருக்கே உன் பேரை வச்சிருக்கேன். இதுக்கு மேல ஒரு தம்பி என்னக்கா செய்வான்?" என்றான். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பிறகு அவன் எழுந்து, "இது முப்பது வருஷம் அந்த வயல்ல குனிஞ்சு நட்டுச்சாம். நட்ட பொம்பளைய நீங்க பார்த்ததில்லையா? அம்பத்தஞ்சு வயசுல எப்படி நிக்கிது பாருங்க, அளவுகோல் மாதிரி. இது வேலை செஞ்ச உடம்பா?" என்று கேட்டான்.

எல்லாரும் பார்த்தார்கள். அமலோற்பவம் நேராக நின்றாள். குனிந்து காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியதாகப் பிறகு சொன்னாள், குனிந்தாலும் வலிக்காது. சாமியார் மற்ற பத்துப் பேரையும் கேட்டார். அவர்களும் அளவுகோல் மாதிரிதான் நின்றார்கள். ஒவ்வொருத்தியாகத் தரையைப் பார்த்தாள். அருள்ஜோதி மட்டும் வாய் திறந்து, "எத்தனையோ கல்லு நட்டோம் சாமி, யாரு என்ன சொன்னாங்கன்னு எங்க ஞாபகம் இருக்கு" என்றாள்.

"தூளியில கெடந்தவனுக்குத்தான் ஞாபகம் இல்ல. உனக்குமாடி?" என்று அமலோற்பவம் கேட்டாள். ஆல்பின் அக்காவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "உன் பேர்ல எழுதியிருந்தா அந்த வலியும் உனக்கே திரும்பி வந்திருக்கும்க்கா. உன் நல்லதுக்குத்தான் எழுதல" என்றான்.

"என் வலிய நான் வாங்கிக்கிறேன். நீ மனைய எழுதுடா."

ஐயாயிரம் ரூபாயும் ஒரு பட்டுச்சேலையும் கொடுத்துச் சமாதானமாகப் போகலாம் என்று சாமியார் முடித்துவைத்தார். பணத்தையும் சேலையையும் பீடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு அவள் வெளியே போனாள். சேலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருள்ஜோதியின் மேலே இருந்தது.

மனையை வாங்கியவர் கூத்தாநல்லூர் சேக் தாவூது, சவூதியில் தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவர். சொந்தக்காரர்கள் பங்காளிச் சண்டை போடாத ஊராகப் பார்த்து இங்கே வந்தார். கீழே கடை, மேலே வீடு. வாங்கிய முதல் ஐப்பசியிலேயே மடங்கிவிட்டார், ஏழு சென்ட் வலி. குடிவந்த பிறகு வந்த ஐப்பசியில் ஒரு நாள் காலை ஒரு பெண்பிள்ளை கேட்டுக்கு வெளியே நேராக வந்து நின்றாள், மத்தியானம் வரை நகரவில்லை. மறுநாளும் வந்தாள். சேக் தாவூது பின்னால் நடந்தபடியே கேட்டுக்கு வந்து, யாரம்மா நீங்க, என்ன வேணும் என்று கேட்டார்.

"நீங்க தூக்கிக்கிட்டு நடக்குறீங்களே பாய், அது என்னுதுங்க" என்றாள் அமலோற்பவம்.

முழுக்கதையையும் அவர் குனிந்தபடி கேட்டார். அவர் மனைவி ஷம்சாத் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள், அவள் உட்காரவில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார் சேக் தாவூது. மனையோடு கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அவருக்கு வலியிலும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. "இருபத்திரண்டு வருஷம்மா. அந்த வெயில்ல மொட்டை மாடி மொட்டை மாடியா ஏறினேன். எப்படிக் குடுப்பேன்?" அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அவர்மேல் கோபம் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் வந்து மறுபடி நின்றாள். சேக் தாவூது ஆல்பினிடமும் போய்க் கேட்டுப் பார்த்தார். அப்போது ஆல்பின் கவுன்சிலர். சட்டப்படி விற்றேன், சட்டப்படி வாங்கினீங்க, உங்க ஏரியாவுக்கு சோடியம் லைட்டு போடப்போறேன் பாய் என்று சொல்லி அனுப்பினான். லைட்டு போட்டான்.

வலிக்கான காரணம் நகர் முழுக்கப் பரவியது. குடியிருப்போர் சங்கத்தில் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தம்மாவுக்கு எங்காவது ஒரு இடம் வாங்கிக் கொடுக்கலாம் என்றார் தலைமையாசிரியர். வருஷத்தில் ஒரு மாதம்தானே என்றார் என்ஜினீயர். தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. ஐப்பசியில் நகரில் கல்யாணம் வைப்பதில்லை என்று ஆனது. பேரப்பிள்ளைகள் பின்னால் நடக்கிற தாத்தாவுக்கு முன்னால் போய், பள்ளம் இருக்கிறது என்று சொல்லப் பழகினார்கள்.

இரண்டாயிரத்துப் பதினாறில் சேக் தாவூதின் மகள் ஷமீராவுக்குத் திருச்சியில் என்ஜினீயரிங் இடம் கிடைத்தது. வீட்டின் மேல் கடன் கேட்டபோது பேங்கில் வில்லங்கச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். கம்ப்யூட்டரிலிருந்து வந்த சான்றில், விற்பனை விவரங்களுக்குக் கீழே யாரும் பதியாத ஒரு பதிவு இருந்தது. கிளார்க் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். "அமலா நகர்தானே? எல்லா மனைக்கும் இப்படி ஒரு வரி வருதுங்க. எங்களுக்குப் பழகிருச்சு." பேங்க் மேனேஜரும் அதைப் படித்துவிட்டு, லோனுக்குத் தடை இல்லை என்று எழுதி, மூன்றாம் நாள் பணம் கொடுத்தார்.

சேக் தாவூது ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து கொட்டகைக்குப் போனார். அமலோற்பவத்துக்குப் படிக்கத் தெரியாது. அவரையே படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஆபீஸ் சீல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். இன்னொரு தரம் படிங்க பாய் என்றாள். மனை எண் அறுபத்து மூன்று, ஏழு சென்ட். கொடுக்க வேண்டியவர் ஆல்பின். பெற வேண்டியவர் அவருடைய அக்கா அமலோற்பவம். இன்னும் கொடுக்கவில்லை.