சிங்கன் கழுத்து மஞ்சள் நூல்

உலகில் வயரின் காலம் 1996 மார்ச்சில், ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பேயில் முடிவடைந்தது. முடித்துவைத்தவர் சென்னையிலிருந்து வந்த வரதராஜன். நாய், பூனைகளின் தோலுக்கடியில் அரிசி அளவு சிப்பைச் செலுத்தி, அதன் எண்ணைக் காற்றிலேயே படிக்கும் கருவியை விற்றுவந்தார். அந்த ஆண்டு வாடகை மண்டபத்துக் கோயிலில் குடமுழுக்கு நடந்தது. யாகசாலைக் கும்பத்திலிருந்து மூலவர்வரை சக்தி போவதற்கு மஞ்சள் நூல் கட்டியிருந்தார்கள். "சாமிக்கே கேபிள் கனெக்‌ஷனா?" என்று வரதராஜன் கேட்டது மூலவர்வரை கேட்டது. மிஞ்சிய நூலை அவருடைய பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் குணவதி கைப்பையில் போட்டுக்கொண்டார்.

குளிர்காலத்தில் குணவதியின் நாய் சிங்கன், கழுத்துப்பட்டி இல்லாமல் நகராட்சி நாய்க் கொட்டிலில் அகப்பட்டது. உரிமையை நிரூபிக்க வரதராஜன் செலுத்தியிருந்த சிப் ஒன்றுதான் இருந்தது; குணவதி அவரையே கூட்டிவந்தார். ஐந்து மணிக்குள் எண் தெரியாவிட்டால் கொல்லும் ஊசி. வரதராஜன் கருவியைக் கழுத்தில் வைத்தார், முதுகில் வைத்தார், வாலில்கூட வைத்தார். திரை வெறுமையாகவே இருந்தது. அதிகாரி மருந்தை ஊசியில் ஏற்றத் தொடங்கினார்.

"தம்பி, ஒரு நூல் குடுத்துப் பாருங்கோவன்."

"அக்கா, இது ரேடியோ. நூல்ல என்னக்கா போகும்?"

"அண்டைக்குச் சாமிக்குப் போனதுதானே. உங்கட ரேடியோவுக்கு வேற வழி தெரியுமே?"

வரதராஜன் கருவியை நீட்டினார். குணவதி ஒரு நுனியைச் சிங்கனின் கழுத்திலும் மறுநுனியைக் கருவியிலும் கட்டினார். தோலுக்கடியிலிருந்து இலக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியேறி, எறும்புபோல் நூலில் ஊர்ந்து திரைக்குள் போயின. கடைசியில் வந்த ஏழு, பாதி வழியில் நின்றுவிட்டது. கடிகாரம் நிற்கவில்லை. அதிகாரி சிங்கனின் முன்காலைப் பிடித்தார்.

"வா ராசா, வா, பயப்பிடாதை" என்றார் குணவதி, அந்த இலக்கத்தைப் பார்த்து. சிங்கன் தும்மியது. நூல் அதிர்ந்தது. ஏழு மிச்ச தூரத்தை ஓடியே கடந்தது. எண் குணவதியின் சிப் பதிவு அட்டையோடு பொருந்தியது. அதிகாரி ஊசியை மூடிவிட்டு, அந்த நூல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

வயர் செத்துவிட்டது என்று வரதராஜன் அதன் பிறகும் கூட்டங்களில் பேசிவந்தார். மறு ஆண்டு கிளென்ஃபீல்டில் ஒரு மிருக வைத்தியக் கிளினிக்கிலிருந்து, ஒரு பூனையின் சிப் பேசவில்லை என்று கூப்பிட்டார்கள். அவர் கிளினிக் வாசலில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெள்ளை நூலில் மஞ்சள் தடவினார். விரல் காய்ந்ததும் உள்ளே போனார். இலக்கங்கள் பறந்துவிடாமலிருக்க, வரவேற்பறைப் பெண் எழுந்து ஃபேனை நிறுத்தினாள்.