விச்சியனின் ஏழெழுத்துப் புத்தகம்

நோட்டுப் புத்தகத்தின் முதுகில் இருந்த கம்பிகளைப் பிம் பல்லால் கடித்துப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அச்சகத்துக்காரர் சக்கோன் குறடு ஒன்றை எடுத்து நீட்டியும் அவள் வாங்கவில்லை.

"பல்லு போயிடும்மா. எத்தனை பிரதி?"

"இருநூறு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கோயிலுக்கு வந்துடணும் அண்ணே. நாலு மணிக்கு எரியூட்டுறாங்க."

கோராட் நகரத்தில் எரியூட்டலுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பும் நினைவுப் புத்தகங்களில் முக்கால்வாசி சக்கோன் கடையில்தான் அச்சாகும். பிரார்த்தனை, சமையல் குறிப்பு, மூலிகை வைத்தியம் என்று போடுவார். ஒருமுறை சண்டைச் சேவல் வளர்ப்புகூடப் போட்டிருக்கிறார். இது எதிலும் சேரவில்லை. இடப்பக்கம் ஏழு ஏழாக ஆங்கில எழுத்துகள். வலப்பக்கம் அந்த ஏழையும் மாற்றி மாற்றி அடுக்கினால் கிடைக்கும் வார்த்தைகள். சிலவற்றுக்கு ஒன்றே ஒன்று, சிலவற்றுக்கு ஐந்தாறு. உள்ளூர் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை.

"அர்த்தம் எங்கேம்மா?"

"அப்பாவுக்கே தெரியாது. நான் எங்க போறது?"

பிம்மின் அப்பா விச்சியன் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டிக்கெட் கிழித்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடைவளாகத்தின் நாலாவது மாடிக்குப் போய்விடுவார். எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கில வார்த்தை சேர்க்கும் ஆட்டம் அங்கே நடக்கும். வெள்ளைக்காரன் வழி கேட்டால் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்ளுகிற மனிதர், பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் வெள்ளைக்காரனே கேள்விப்படாத வார்த்தையை இறக்குவார். அங்கே ஆடுகிற எல்லோருமே ஏறக்குறைய அப்படித்தான். அர்த்தம் படித்தால் மூளையில் இடம் அடைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் கட்சி.

செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவர் விரல்கள் போர்வையின் மேல் எதையோ இடம் மாற்றி இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தன. வலிப்போ என்று நர்ஸ் ஓடி வந்தாள். வலிப்பு இல்லை என்று பிம்முக்குத் தெரியும். "கிடைச்சிடும்ப்பா, அவசரப்படாதீங்க" என்றாள். விரல்கள் நின்றன. கிடைத்ததா என்று கேட்க ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை எரிக்கக் கூடாது என்பதால் சனிக்கிழமை என்று முடிவானது. நடுவில் கிடைத்த இந்த ஒரு நாளுக்குள் புத்தகத்தை முடித்தாக வேண்டும்.

கடை வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. விச்சியனின் அக்கா லமுன் இறங்கினாள். ஓட்டி வந்தவள் அவள் மகள் வாரி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள்.

"ஏண்டி பிம்மு, பிட்சுங்க கையிலயும் இதைத்தான் குடுக்கப் போறியா? எடு, உங்க அக்கா பாக்கட்டும்."

வாரி நின்றபடியே படித்தாள். நாலாவது தாளில் அவள் காது சிவந்தது. சக்கோனிடம் பேனா வாங்கி அங்கங்கே ஒரு புள்ளி வைத்தாள்.

"பதினொண்ணு. அத்தனையும் கெட்ட வார்த்தை. இதெல்லாம் வாய்விட்டுப் படிச்சா எனக்கு வேலை போயிடும்."

லமுன் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, என் தம்பி சாவுலயா!"

"அப்பாவுக்கு அது கெட்ட வார்த்தை இல்ல அத்தே. ஏழு எழுத்து, அவ்வளவுதான்."

"அந்தப் பதினொண்ணை எடுத்துடு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் வாரி.

"ஒரு செட்டுக்கு மூணு வார்த்தைன்னா மூணும் இருக்கணும்க்கா. ரெண்டை மட்டும் போட்டா அது பொய்க் கணக்கு. அப்பா அப்படி ஒரு நாளும் எழுதினதில்ல."

"உன் பிடிவாதம் அப்படியே உங்கப்பனோடது. உங்கம்மா சொல்லட்டும், நான் வாயைத் திறக்கல" என்றாள் லமுன். வாயைத் திறந்தபடியேதான் கோயில்வரை வந்தாள்.

பிம்மின் அம்மா சோம்பிட் கோயில் மடைப்பள்ளியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மாலை ஓதலுக்கு வருகிறவர்களுக்குக் கஞ்சி. லமுன் எல்லாவற்றையும் கொட்டி முடிக்கிறவரை அவள் கை நிற்கவில்லை.

"பதினொண்ணுதானா? டிப்போல முப்பது வருஷம் இருந்த மனுஷனுக்கு அது கம்மி" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"எனக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது பிம்மு. என் ஞாயித்துக்கிழமை பூரா அதுக்குள்ளதான் கிடக்கு. ஒருநாள் கேட்டேன், எனக்கும் சொல்லிக் குடுங்க, ஆனா எனக்கு இங்கிலீஷ் தெரியாதேன்னேன். எனக்கும்தான் தெரியாதுன்னு சிரிச்சாரு. அப்புறம் பஸ் வந்துடுச்சு, போயிட்டாரு."

பிம் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "வேண்டாம்னா சொல்லும்மா. பிரார்த்தனையே போட்டுக்கலாம்." அம்மா வேண்டாம் என்றால் மீற முடியாது.

சோம்பிட் ஒரு பூண்டை எடுத்துத் தோலோடு அப்படியே கீழே வைத்தாள்.

"அந்தப் பதினொண்ணை எடுத்தா அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பக்கத்தைத் திருப்பின உடனே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எடுக்காதே."

லமுன் எதையோ சொல்ல வந்தாள். சோம்பிட் பாதிப் பூண்டை அவள் மடியில் தள்ளிவிட்டாள். "உரிங்க அண்ணி, நேரமாவுது."

சனிக்கிழமை புத்தகம் ஒன்றே முக்காலுக்கே வந்துவிட்டது. மை காயவில்லை, தொட்டவர்கள் விரலெல்லாம் கறுப்பு. வாசலில் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் லமுன்தான். பிட்சுகளுக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். மடாதிபதியே கை நீட்டி ஒன்றை எடுத்துக்கொண்டபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலாவது மாடியில் விச்சியனோடு ஆடுகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கறுப்புச் சட்டையில் பின்வரிசையில் உட்கார்ந்து, விடை இருந்த வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உதடு அசையாமல் படித்தார்கள்.

எல்லோரும் வரிசையாகப் படியேறிச் சந்தனச் சீவலில் செய்த பூவைச் சவப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு இறங்கினார்கள். எரியுலையின் இரும்புக் கதவு மூடியது. கூட்டம் கலைந்தது.

சோம்பிட் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அவர்கள் செய்ததுபோலவே வலப்பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள். ஐந்தாம் வகுப்போடு விட்டுப்போன எழுத்துகளைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"ஏ... ஈ... ஐ... என்..."

ஏழும் முடிந்ததும் மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிம்முக்கு விடை தெரியும். அவள் சொல்லவில்லை. புகைபோக்கியில் முதல் புகை வந்தது. சோம்பிட் குனிந்து மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினாள்.