சிவலை வந்த விழா

கிண்ணியாவில் மாட்டுப் பட்டிக்காரர் கலைவிழா என்று ஒன்றை அந்த ஆண்டுதான் முதன்முதலாக நடத்தினார்கள். நாடே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற ஆண்டு. இப்போது இது ஒன்றுதான் குறைச்சல் என்று அலியார் முணுமுணுத்தாலும், விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். போகாமல் தீராது. சம்பந்தியாகப் போகிற ஜமால்தீன்தான் விழாத் தலைவர். அவருடைய மகன் ஹிஸ்புல்லா மாட்டுக்குக் கயிறு எறியும் போட்டியில் இறங்குகிறான். பல சம்பந்தங்கள் தட்டிப்போய், ஊர் வாயெல்லாம் கேட்டுச் சலித்த பிறகு மகள் அசனாவுக்கு அமைந்த மாப்பிள்ளை. நோன்புக்கு முன் நிக்காஹ்.

அறுவடை முடிந்த வயலில் வேலி அடைத்து, பெண்களுக்கு ஒரு பக்கம் ஓலை மறைப்புக் கட்டியிருந்தார்கள். காட்டில் தனியே மாடு மேய்ப்பவன் வீட்டை நினைத்துப் பாடும் கவியை ஒலிபெருக்கியில் கேட்க, அலியாரின் மனைவி சுபைதாவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. குறிசுடும் இரும்புகளைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அலியார் பட்டியின் பிறையும் ஜமால்தீன் பட்டியின் வட்டமும் அருகருகே கிடந்ததைக் காட்டி, பெண்கள் அசனாவைக் கேலி செய்தார்கள். சுபைதாவுக்கு மனம் குளிர்ந்துபோனது.

பகல் சாய்ந்தபின் போட்டி தொடங்கியது. ஹிஸ்புல்லாவுக்கென்று ஒரு சிவலைப் பசுவைத் திறந்துவிட்டார்கள். சுபைதா அதை உடனே அடையாளம் கண்டாள். போன மாரியில் காட்டில் காணாமல் போய், புலி அடித்திருக்கும் என்று கைவிட்ட மாடு. தாய் செத்த கன்றாக வந்ததைப் போத்தலில் பால் பருக்கி வளர்த்தவர்கள் அவளும் அசனாவும். இப்போது அதன் தொடையில் வட்டக் குறி. வட்டத்தில் பாதி பழைய தழும்பு, அது அவர்கள் பட்டியின் பிறை. மீதி புதுச் சூடு, இன்னும் சரியாக ஆறவில்லை. ஜமால்தீனும் யாரிடமாவது வாங்கி ஏமாந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் மேடையில் அவர் பசுவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அலியார் மறைப்போரம் வந்து நின்றார். அவர் முகம் செத்துக் கிடந்தது.

"வாயத் தொறக்காத சுபைதா. உன்ட கொரல் அதுக்குத் தெரியும்."

அசனா தாயைத் திரும்பிப் பார்த்தாள். சுபைதா மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அது எங்கட மாடில்ல, புள்ள."

சொன்ன வாயே கசந்தது. மகளின் வாழ்வா, மாடா என்று கேட்டால் எந்தத் தாயும் இதைத்தான் சொல்வாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹிஸ்புல்லா எறிந்த கயிறு கழுத்தில் சரியாக விழுந்தது. சனம் கைதட்டியது. பசு திமிறியது, சுருக்கு இறுகியது. முன்னங்கால் மடிந்து விழுந்தது. நாக்கு வெளியே தள்ளியது. அவன் வெற்றி பெறும் வேகத்தில் இன்னும் இழுத்தான்.

"சிவலை," என்றாள் அசனா. பிறகு உரக்க, "சிவலை, இஞ்ச வா புள்ள."

பசுவின் காது நிமிர்ந்தது. தடுமாறி எழுந்து, கயிற்றோடு ஹிஸ்புல்லாவையும் இழுத்துக்கொண்டு மறைப்பை நோக்கி வந்தது. வந்து ஓலைக்குள் மூக்கை நுழைத்தது. கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றுபோனது. ஹிஸ்புல்லா மூச்சு வாங்கியபடி சுருக்கைத் தளர்த்தினான். அப்போதுதான் பசுவின் தொடையைக் கிட்டத்தில் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். மேடையிலிருந்து வாப்பா ஜமால்தீன் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டும் அவன் திரும்பவில்லை.

கயிற்றின் நுனியை மறைப்புக்கு மேலால் அசனாவிடம் நீட்டினான். அவள் கை இன்னும் சுபைதாவின் பிடிக்குள் இருந்தது.