இங்கே ஒரு போல்ட், எதிரில் ஒரு போல்ட்

தையல்காரருக்குத் துணி என்றால் கை தானாக ஓடும். காரையும் துணி என்றே நினைத்து அடியில் புகுந்துவிட்டார் மனுஷன்!

வேறு வழியும் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவை மறுநாள் காலையில் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். அக்கா காலை மடக்கக் கூடாது. அதற்காகவே பின்சீட்டைக் கழற்றிவிட்டு, நீட்டிப் படுக்கிற மாதிரி மெத்தை தைத்துப் போட்டிருந்தார். பார்த்தால், வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது. என்ஜினுக்குக் கீழே எண்ணெய் தேங்கும் தட்டின் விளிம்பில் கசியாமல் அடைக்கிற தக்கைப் பட்டை, அதாவது கேஸ்கெட், போய்விட்டது. மெக்கானிக் ஊரில் இல்லை. கடையில் இருந்ததோ ஒரே ஒரு கேஸ்கெட். அதை வாங்கிவந்து தாமே படுத்துவிட்டார்.

தட்டைக் கழற்றினார், பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்தார், எல்லாம் சரி. புதுசை வைத்து போல்ட் முடுக்கினார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. பாவாடைக்கு ஓரம் அடிக்கிற மாதிரி ஒரு மூலையில் ஆரம்பித்து வரிசையாக இறுக்கிக்கொண்டே போனார். பாதி தாண்டியதும் எதிர்ப்பக்கம் தக்கை சுருங்கிப் பிதுங்கியது. இன்னும் ஒரு திருகு திருகினால் கிழிந்துவிடும். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நிறுத்துங்க, கையை எடுங்க!"

எப்போது வந்தாளோ, மனைவி குனிந்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்; அவளும் அவரோடு கடையில் தைப்பவள்தான். ஒரே வீட்டில் இருந்தும் நாத்தனாரோடு அவள் பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அதனால்தான் அவளை உதவிக்குக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை.

"எல்லாத்தையும் தளர்த்துங்க. சட்டைக்கு நான் எப்படிக் கை வச்சுத் தைப்பேன்?"

"நீ முதல்ல சுத்திலும் குண்டூசி குத்திக்குவே. எனக்கெதுக்குக் குண்டூசி?"

"ஆமா, பெரிய மேதாவி! முதல்ல எல்லா போல்ட்டையும் விரலால சும்மா மாட்டி விடுங்க. அப்புறம் இங்க ஒண்ணு, எதிர்ல ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமா."

சொல்லிவிட்டுப் போனாளா? பழைய போர்வையை விரித்து அவளும் அடியில் நுழைந்துவிட்டாள். அவள் ஒரு பக்கம், இவர் எதிர்ப்பக்கம். தக்கை சமர்த்தாகப் படிந்தது. எண்ணெய் ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, கீழே வெள்ளைத் துணி விரித்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"போதும் போதும். அவங்க இல்லாம வீட்ல மூஞ்சியைத் திருப்பிக்கக்கூட ஆள் இல்ல."

மறுநாள் அக்கா மெத்தையில் காலை நீட்டிப் படுத்தபடி வந்தாள். ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"காதுக்குப் பின்னால என்னடி எண்ணெய்?" என்றாள் அக்கா திடீரென்று.

"வண்டி வேலை. உங்க தம்பிக்குத் தனியா வரல."

"நீ வண்டிக்கு அடியில படுத்தியா? எனக்காகவா?"

அவள் அவசரமாக முந்தானையால் காதைத் தேய்த்தாள். அக்கா பாட்டில் தண்ணீரில் துண்டின் நுனியை நனைத்தாள்.

"கிட்ட வா. துடைச்சு விடறேன்."

தையல்காரர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். மனைவி குனிந்து காதைக் காட்டினாள்.