அண்ணிக்கு ஒரு வேலை

பல் டாக்டர் கடிதத்தின் முதல் பத்தி முழுவதையும் பேனாவால் ஒரே இழுப்பாக அடித்தார். அவரிடம் உதவிக்கு இருப்பவள் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, அடிபட்ட வரிகளை எட்டிப் பார்த்தாள்.

"உங்க அண்ணியே எழுதினதா இது?"

"ஆமா டாக்டர்."

அவளுக்கு அண்ணியே கிடையாது. அண்ணன் என்று ஒருவன் பிறந்திருந்தால்தானே! வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு கண் மருத்துவமனை வந்திருக்கிறது. வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் பூட்டிய வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் இங்கே அவளுக்கு வேலையே ஓடுவதில்லை. அந்த இடம் கிடைத்தால் நடுவில் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கடிதமும் வைக்க வேண்டுமாம். செல்போனில் தேடி ஒன்றைக் காப்பியடித்தாள். படித்தால் யாரோ மூன்றாம் மனுஷி பேசுவது போலிருந்தது. சரிபார்த்துத் தரும் அளவுக்குப் படித்தவர் என்று யோசித்ததில் டாக்டரை விட்டால் ஆளில்லை. வாய் தானாகவே அண்ணி என்று சொல்லிவிட்டது.

"கடின உழைப்பாளி, பொறுப்பானவர்... இதை எல்லாரும்தான் எழுதுவாங்க. படிக்கிறவங்க கண்ணு முன்னாடி ஆளு வந்து நிக்கணும்மா. அவங்க வேலையில என்ன செஞ்சாங்க? அதைச் சொல்லு."

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். "ஊசியைப் பாத்து அழற பிள்ளைங்கன்னா அவங்ககிட்டதான் விடுவாங்க டாக்டர். பல்லை எண்ணச் சொல்லிப் பேச்சை மாத்திடுவாங்க."

"பல்லையா? அவங்களும் பல் டாக்டர்கிட்டதான் இருக்காங்களா?"

"ஆ... ஆமா."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். "அப்புறம்?"

"ஒரு தடவை பல்லைப் பாதி எடுத்துக்கிட்டு இருக்கும்போது கரன்ட் போயிடுச்சு. டாக்டருக்கே கை ஓடலை. அவங்கதான் பேஷன்ட் கையைப் பிடிச்சுக்கிட்டு செல்போன் வெளிச்சம் காட்டினாங்க. வெளியில கத்தினவங்களையும் ஒரு வார்த்தையில உட்கார வச்சாங்க."

போன மழைக்காலத்தில், இதே அறையில் நடந்தது. அன்று இவர் நெற்றியில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டவளும் அவள்தான். அவர் முகத்தையே பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, புருவத்தில் ஒரு அசைவு, எதுவுமில்லை. பேனா மட்டும் ஓடியது.

"அடடா! அந்த டாக்டர் குடுத்து வச்சவர்மா."

தெரிந்துகொண்டே விளையாடுகிறாரா? அப்படியானால் குட்டு உடைந்த மாதிரிதான். நிஜமாகவே நினைவில்லையா? அப்படியானால் இத்தனை வருஷமாக இவர் பக்கத்தில் நின்றது யார்? எது பரவாயில்லை என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. அவளே சொன்ன அந்த அண்ணி மீது, இல்லாத அந்த மனுஷி மீது, பொறாமை கூட எட்டிப் பார்த்தது.

டாக்டர் தாளை நீட்டினார். பிறகு, கொடுக்காமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டுமா? எதுக்கு அவங்க வேற எங்கயோ எழுதிப் போடணும்? பேசாம இங்க வரச் சொல்லேன். இப்படி ஒரு ஆளைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன்."

'அப்ப நான்?' என்பது நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது.

"கேட்டுப் பாக்கறேன் டாக்டர்."

தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, வெளியில் தாடையைப் பிடித்தபடி காத்திருந்த பெரியவரை உள்ளே அழைத்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்தது. மேல்விளக்கு எரிந்தது. டாக்டர் குனிந்து வாய்க்குள் பார்த்தபடியே, எப்போதும் போல, இடது கையைப் பின்பக்கம் நீட்டினார். கேட்க மாட்டார், திரும்ப மாட்டார், அந்தக் கையில் பஞ்சு வந்து விழும்.

பஞ்சு அவள் விரல்களுக்குள் இருந்தது. வைக்கவில்லை. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை. விரித்த உள்ளங்கை காற்றில் அப்படியே நின்றது. ஒருமுறை மூடித் திறந்தது. பெரியவர் திறந்த வாயோடு அவளைப் பார்த்தார். டாக்டரின் தலை மெல்ல, மிக மெல்லத் திரும்பத் தொடங்கியது.